மடக்கினால் குடை, விரித்தால் வண்டி

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் பார்பி என்றொரு சிற்றூர். 1960களின் நடுவில் அங்கே ஒரு பண்ணை வீட்டில் குடியிருந்தார் ஓவன் மெக்லாரன். விமானப் பொறியாளர், வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் வாழ்ந்த மகள் கைக்குழந்தையோடு ஊருக்கு வந்தாள். குழந்தையோடு அதன் வண்டியும் வந்தது. அதை விமானத்திலிருந்து இறக்கிக் காரில் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவள் படாத பாடு பட்டாள். மகள் படும் அவதியைப் பார்த்த தாத்தா, பேத்திக்கு வேறொரு வண்டி செய்வது என்று முடிவெடுத்தார்.

இன்று உலகத்தின் எந்த விமான நிலையத்தில் நின்று பார்த்தாலும், ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையாலும் காலாலும் வண்டியை மடக்கிக்கொண்டிருக்கும் அப்பாவோ அம்மாவோ கண்ணில் படுவார்கள். அந்தக் காட்சி பார்பியின் குதிரை லாயத்தில் தொடங்கியது. லாயத்தைத்தான் மெக்லாரன் பட்டறையாக மாற்றிக்கொண்டார்.

அவர் பேத்திக்காக மாற்ற நினைத்த வண்டிக்கு அப்போதே இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. 1733இல் தோட்டக்கலை வடிவமைப்பாளர் வில்லியம் கென்ட், டெவன்ஷயரின் மூன்றாம் டியூக்கின் பிள்ளைகளுக்காக ஒரு சிறு வண்டி செய்தார். சிப்பி வடிவில் இருக்கை. ஆட்டையோ மட்டக்குதிரையையோ பூட்டி இழுக்கலாம். அரண்மனைத் தோட்டத்துக்குப் பொருத்தமான விளையாட்டுச் சாமான். தெருவில் போய்வர அது பயன்படும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தெருவுக்கு வந்தது அடுத்த நூற்றாண்டில். 1853இல் லண்டனில் சார்ல்ஸ் பர்ட்டன் ‘பெராம்புலேட்டர்’ வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். இழுக்கும் வண்டி, பின்னாலிருந்து தள்ளும் வண்டியாயிற்று. தொடக்க கால பெராம்புலேட்டர்களில் குழந்தை உட்கார்ந்துதான் போக வேண்டும். கழுத்து நிற்காத சிசுவுக்கு அவற்றில் இடமில்லை. தொட்டில் போன்ற படுக்கை வைத்த நாலு சக்கர வண்டிகள் அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பரவின. பெராம்புலேட்டரைச் சுருக்கி நாம் பிராம் என்றதும் மனதில் எழும் அந்தப் பெரிய கறுப்பு வண்டி அப்போது வந்தது.

1877இல் வில்லியம் வில்சன் என்பவர் லீட்ஸ் நகரில் ஒரு பிராம் தொழிலைத் தொடங்கினார். பட்டறை இருந்த தெருவின் பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயராயிற்று: சில்வர் கிராஸ். பெரிய சக்கரங்கள், வில் பட்டைகளில் தொங்கும் படுக்கை, மடித்து விடும் கூரை. தெருவின் கல்லும் பள்ளமும் குழந்தையை எட்டாது. லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். சுகம் என்று பார்த்தால் அதற்கு இணையாக இன்றுவரை ஒன்றும் வரவில்லை என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தச் சுகத்துக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. தரைத்தளம், அகலமான வாசல், வண்டியை நிறுத்த நடை, தள்ளிக்கொண்டு பூங்காவுக்குப் போய்வர ஓர் ஆள். அம்மாவே வண்டியைப் பேருந்தில் ஏற்றுவாள் என்று அதைச் செய்தவர்கள் கருதவேயில்லை. வசதியான வீடுகளில் தள்ளுவது தாதியின் வேலை. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களில் அது ஆயாவின் வேலை. அவர்கள் கப்பலேறித் தாயகம் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களையும் கூட்டிப்போனார்கள். லண்டன் போய்ச் சேர்ந்ததும் சிலரைத் திரும்பிவரச் சீட்டுகூட இல்லாமல் கைவிட்டார்கள். அப்படித் தவித்த பெண்களுக்காகவே லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று நடந்தது. 1900 வாக்கில் அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. அங்கே அந்தக் கட்டடத்தில் 2022இல் நினைவு நீலப் பலகை பதித்தார்கள். பிராமின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வண்டியைச் செய்தவர் பெயரைத்தான் எழுதுகிறார்கள். தள்ளியவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவரான வில்லியம் ரிச்சர்ட்சன் 1889 ஜூன் 18ஆம் நாள் ஒரு காப்புரிமை பெற்றார். அவருடைய வண்டியில் தொட்டிலைத் தூக்கித் திருப்பி வைக்கலாம். குழந்தை உலகத்தைப் பார்க்கலாம், அல்லது தள்ளுபவரின் முகத்தைப் பார்க்கலாம். சின்ன மாற்றமாகத்தான் தோன்றும். நூற்றிருபது ஆண்டுக்குப் பிறகு ஆய்வாளர்கள் அந்தச் சின்ன மாற்றத்தைத்தான் தேடி வந்தார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

பிராமுக்கு ஒரே பகை, படிக்கட்டு. 1925இல் ஐசன்ஸ்டைன் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தில் ஒடெஸா படிக்கட்டில் உருண்டு இறங்கும் குழந்தை வண்டியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சினிமா வரலாற்றில் இவ்வளவு பார்வையாளர்களின் வயிற்றைக் கலக்கிய வண்டி வேறில்லை. திரையில் அது அரசியல். நகரத்துத் தாய்மாருக்கோ அன்றாடக் கவலை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அந்தக் கவலை பெருகியது. குண்டு விழுந்து நொறுங்கிய பிரிட்டிஷ் நகரங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடம் உயர உயர அரசு தந்த மானியமும் கூடியது. பத்தாவது மாடியில் குடியிருப்பவர் பிராமை எங்கே வைப்பார்? லிஃப்ட் பழுதானால் யார் தூக்குவார்? இன்னொரு பக்கம் கார் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. 1959இல் வந்த மினி காரின் பின்பெட்டியில் ஒரு பயணப்பெட்டி வைத்தால் அப்புறம் இடமில்லை. தாதி வைத்துக்கொள்ளும் வழக்கமும் போய்விட்டது. தள்ளுவதும் தூக்குவதும் ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே ஆள், பெரும்பாலும் அம்மா.

மடிக்கக்கூடிய வண்டிகள் அதற்கு முன்பே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவை ஒரு பக்கமாகத்தான் மடங்கின. சாய்வு நாற்காலியை மடித்தாற்போல் தட்டையாகும், அவ்வளவுதான். அகலம் அப்படியே இருக்கும், எடையும் அப்படியே இருக்கும்.

மெக்லாரன் இந்தக் கணக்கை வேறு துறையிலிருந்து பார்த்தார். போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்தவர் அவர். விமானம் தரையில் மோதி இறங்கும் மொத்த விசையையும் அந்த மெல்லிய கால்கள் தாங்க வேண்டும். எழும்பிய சில நொடிகளில் அவை இறக்கைக்குள் மடங்கி மறைய வேண்டும். ஒவ்வொரு கிராமும் கணக்கு. இலகு, வலு, மடிப்பு மூன்றையும் ஒரே பொருளில் கேட்பது அவருக்குப் பழகிய வேலை. 1961இலேயே ‘கேடபவுட்’ என்ற பெயரில் மடக்கு நாற்காலி ஒன்றை வடிவமைத்திருந்தார். சுற்றுலா போகிறவர்கள் கையில் எடுத்துப்போவதற்கானது. அந்த நாற்காலியும் இரு பக்கமும் குறுகி ஒரு கட்டாகும். அதற்குச் சக்கரம் வைத்தால் என்ன என்பதுதான் 1965இல் அவர் கேட்ட கேள்வி.

விடை எளிமையானது, எளிமையானவற்றைத்தான் யோசித்துப் பிடிப்பது கடினம். அலுமினியக் குழாய்களால் இரண்டு பக்கச் சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாய்கள் கத்தரிக்கோல் போல நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. பூட்டை விடுவித்தால் முன்னங்காலும் பின்னங்காலும் நெருங்குகின்றன. அதே நேரத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் நெருங்குகின்றன. இருக்கை வெறும் துணி என்பதால் அது எதையும் தடுக்காமல் சுருண்டு உள்ளே போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு நீண்ட கட்டு. மேலே குடைக்காம்பு போல வளைந்த இரண்டு கைப்பிடிகள். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். 1965 ஜூலையில் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1968இல் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது.

அந்த முதல் வண்டிக்கு அவர் வைத்த பெயர் பி-01. விமானத்துக்கு வைக்கும் பெயர் போலவே இருக்கிறது. நீலமும் வெள்ளையும் கோடுபோட்ட துணி. எடை ஆறு பவுண்டு, அதாவது மூன்று கிலோவுக்கும் குறைவு.

1967இல் விற்பனைக்கு வந்தபோது முதல் ஆண்டில் சுமார் ஆயிரம் வண்டிகள் செய்தார்கள். லாயம் போதாமல் தொழிற்சாலை பக்கத்து ஊரான லாங் பக்பிக்கு நகர்ந்தது. 1976 வாக்கில் ஆண்டுக்கு ஆறு லட்சம். 1978இல் மெக்லாரன் இறந்தார். அதற்குள் அவருடைய மடிப்பு முறை எத்தனையோ பேரின் வண்டிகளுக்கு அடிப்படையாகிவிட்டது. கடைக்காரர்களுக்கு அது ‘குடை ஸ்ட்ரோலர்’, பிரிட்டிஷ் தெருவில் ‘பகி’.

வேடிக்கை என்னவென்றால், விமானம் பழைய பிராமையும் தொட்டிருந்தது. போர்க்காலத்தில் சில்வர் கிராஸ் தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொண்டு விமானப் பாகங்கள் செய்ய வைத்தது. போர் முடிந்ததும் அங்கே பழகிய அலுமினியத் தகட்டு வேலை பிராமுக்கு வந்தது. மரப்பலகை உடல் போய் உலோக உடல் ஆயிற்று. ஒரே உலோகம், ஒரே போர். ஒரு நிறுவனம் அதை வைத்துப் பழைய வண்டியை இன்னும் பளபளப்பாக்கியது. ஒரு முதியவர் அதை வைத்துப் புதிய வண்டி செய்தார்.

பி-01இன் எடைக்கு மறுபடி வருவோம். பிறந்த குழந்தையின் எடையும் ஏறக்குறைய மூன்று கிலோதான். குழந்தையைவிட வண்டி இலகு! ஆனால் அந்தப் பிறந்த குழந்தையை அந்த வண்டியில் வைக்கக் கூடாது. துணியைத் தொங்கவிட்ட இருக்கை குழந்தையை நிமிர்த்தி உட்காரவைக்கும். கழுத்து நிற்காத சிசுவை அப்படி வைத்தால் தலை முன்னே சரிந்து மோவாய் நெஞ்சில் அழுந்தும். மூச்சுப் பாதை குறுகும். துணையில்லாமல் உட்காரக் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆகும். மெக்லாரனின் பேத்திக்கு அது பொருந்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து முதல் வாரம் வீட்டுக்கு வந்த தாய்க்குப் பொருந்தவில்லை.

இலகு வண்டியின் வரலாற்றில் யாரும் அதிகம் பேசாத பகுதி இது. குறைத்த ஒவ்வொரு கிலோவும் எங்கிருந்தோ பிடுங்கியதுதான். வில் பட்டை போயிற்று, பெரிய சக்கரம் போயிற்று. படுக்கை போயிற்று. ரிச்சர்ட்சனின் திருப்பும் தொட்டிலும் போயிற்று. மடங்கும் குழாய்களுக்கு நடுவே துணியைக் கட்டியிருக்கும்போது இருக்கையைத் திருப்புவது எப்படி? குழந்தை முன்னே பார்த்துத்தான் போக வேண்டும்.

முகம் பார்க்காமல் போவதில் நஷ்டம் உண்டா என்று 2008இல் டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் ஸீடிக் ஆராய்ந்தார். பிரிட்டனின் தெருக்களில் 2,722 பெற்றோர்–குழந்தை இணைகளைக் கவனித்தார்கள். தள்ளுபவரின் முகம் தெரியும்படி குழந்தை இருந்த வண்டிகளில், பெற்றோர் குழந்தையிடம் பேசியது மறு வகையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். இதிலிருந்து முன்னே பார்க்கும் வண்டி பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று முடிவுகட்டிவிட முடியாது. பேச நினைப்பவர் குனிந்தும் பேசுவார். இருந்தாலும் வண்டி வாங்கும் கடையில் எடையையும் மடிப்பையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு அது மூன்றாவது கேள்வியைக் கொடுத்தது.

படுக்கையையும் திருப்பத்தையும் மீட்டெடுத்தவர்களில் முக்கியமானவர் டச்சுக்காரர் மாக்ஸ் பாரன்பர்க். ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரியில் 1994இல் பட்டப்படிப்புக்காக அவர் செய்த வண்டிதான் பின்னர் புகபூ ஆயிற்று. 1999இல் சந்தைக்கு வந்தது. சிசுவுக்குத் தொட்டில், வளர்ந்த குழந்தைக்கு இருக்கை. கைப்பிடியைப் புரட்டினால் திசை மாறும். 2002இல் ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ அமெரிக்கத் தொடரில் தலைகாட்டிய பின் அது அந்தஸ்துப் பொருளாகவும் ஆனது. ஆனால் எடை மூன்று கிலோவிலிருந்து வெகுதூரம் போய்விட்டது. மடக்குவதற்கு இருக்கையைத் தனியே கழற்ற வேண்டும். அகலமான நடைபாதையும் லிஃப்டும் உள்ள ஊருக்கு அது சரி.

குடை வண்டிக்கோ அதற்குள் வேறு சோதனை. மெக்லாரன் நிறுவனம் கை மாறி, உற்பத்தி சீனாவுக்குப் போயிருந்தது. 2009 நவம்பர் 9ஆம் நாள் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் நிறுவனமும் சேர்ந்து சுமார் பத்து லட்சம் வண்டிகள் குறித்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டன. வண்டியை விரிக்கும்போது பக்கத்துக் கீலில் குழந்தைகளின் விரல் சிக்கியிருந்தது. அமெரிக்காவில் மட்டும் பன்னிரண்டு குழந்தைகள் விரல் நுனியை இழந்திருந்தார்கள். கீல்களை மூடும் உறைகளை இலவசமாக அனுப்புவதாக அறிவித்தார்கள். பிரிட்டனில் அதே வண்டிகளை வைத்திருந்த பெற்றோர், எங்களுக்கு ஏன் இல்லை என்று கொதித்த பிறகு அங்கும் உறை கொடுக்க முன்வந்தார்கள். மடங்கும் இடமெல்லாம் நசுக்கும் இடம் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த செய்தி. அது பத்து லட்சம் வீடுகளுக்குத் தெரியவர நாற்பது ஆண்டுகள் ஆயின. இன்றைக்கு எந்த வண்டி வாங்கினாலும் குழந்தையை எட்ட நிறுத்திவிட்டு விரிக்க வேண்டும், மடக்க வேண்டும்.

சிசுவையும் மடிப்பையும் ஒரே வண்டியில் கொண்டுவந்தது பிரான்ஸிலிருந்து 2012இல் வந்த பேபிஸென் யோயோ. எடை சுமார் ஆறு கிலோ. பி-01ஐவிட இரு மடங்குக்கு மேல். மடக்கினால் 52 சென்டிமீட்டர் உயரம், 44 அகலம், 18 கனம். குடைபோல் நீளமாகாமல் பெட்டிபோல் சுருங்கும். விமானத்தில் தலைக்கு மேல் இருக்கும் அறைக்குள் தள்ளிவிடலாம். சட்டம் ஒன்று, துணி இரண்டு: முதல் ஆறு மாதத்துக்குத் தனியாக விற்கும் படுக்கை உறை, அதில் குழந்தை மல்லாந்து தள்ளுபவரைப் பார்த்துப் படுத்திருக்கும். பிறகு அதைக் கழற்றி முன்னே பார்க்கும் இருக்கையைப் பூட்ட வேண்டும். ரிச்சர்ட்சனும் மெக்லாரனும் ஒரே வண்டியில் சந்தித்துக்கொண்டது இங்கேதான் என்று சொல்லலாம். 2021இல் நார்வேயின் ஸ்டோக்கே நிறுவனம் அதை வாங்கியது.

மடிப்பைச் சுருக்கும் போட்டியும் ஓயவில்லை. சீனாவின் குன்ஷான் நகரில் கணித ஆசிரியராக இருந்த சோங் ஜெங்ஹுவான் தொடங்கிய குட்பேபி நிறுவனம், பாக்கிட் என்ற வண்டிக்காக 2014இல் கின்னஸ் சாதனை பெற்றது. மடக்கினால் 30, 18, 35 சென்டிமீட்டர், கைப்பைக்குள் அடங்கும். அப்போது உலகத்தின் மிகச் சிறிய மடிப்பு. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அது உதவாது. 1967இல் இருந்த நிலைமைதான்.

ஆகவே புதிதாகப் பெற்றவர்கள் கடைக்குள் நுழையும்போது கேட்க வேண்டியது எத்தனை கிலோ என்பது மட்டுமில்லை. முதுகுப் பகுதி எவ்வளவு தூரம் சாயும்? பிறந்ததிலிருந்தே பயன்படுத்தலாம் என்று எழுதுவதற்கு ஐரோப்பியத் தரநிலை 150 பாகைச் சாய்வாவது கேட்கிறது. தனித் தொட்டில் பூட்ட முடியுமா? ஒரு கையில் குழந்தை இருக்கும்போது மறு கையால் மடக்க முடிகிறதா? இதைக் கடையிலேயே செய்து பார்த்துவிட வேண்டும்; விற்பனையாள் இரண்டு கையாலும் செய்துகாட்டினால் போதாது. வீட்டில் எத்தனை படி, லிஃப்ட் உண்டா? சிறு சக்கரம் பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும், உடைந்த நடைபாதையில் ஒவ்வொரு விரிசலிலும் மாட்டும். நகர வாழ்க்கைக்கு ஏற்ற வண்டி என்று கடைக்காரர் சொல்லும்போது எந்த நகரம் என்று திருப்பிக் கேட்பதில் தப்பில்லை.

லண்டன் சுரங்க ரயிலின் நிலையங்களில் படியேறாமல் போய்வரக்கூடியவை மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நியூயார்க்கிலும் ஏறக்குறைய அதே கதை. 2019 ஜனவரியில் மான்ஹாட்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் குழந்தையையும் ஸ்ட்ரோலரையும் தூக்கிக்கொண்டு இறங்கிய இளம் தாய் படிக்கட்டில் விழுந்து கிடந்தார், உயிர் போயிருந்தது. குழந்தை பிழைத்தது. உடல்நலக் குறைவே காரணம், விழுந்ததால் இறந்தார் என்பதற்கு அடையாளமில்லை என்று மருத்துவ ஆய்வாளர்கள் பின்னர் கூறினார்கள். ஆனால் அதற்குள் அந்நகரத்தின் தாய்மார்கள் தங்கள் படிக்கட்டுகளைப் பற்றி உரக்கப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

பேருந்தின் கதை இன்னும் சிக்கல். படி வைத்த பழைய பேருந்துகளில் வண்டியை மடக்காமல் ஏற வழியில்லை. குடை வண்டி விற்றதற்கு அதுவும் ஒரு காரணம். லண்டனின் வழக்கமான சேவைகளிலிருந்து பழைய ரூட்மாஸ்டர் பேருந்துகள் 2005 டிசம்பரில் ஓய்வு பெற்றன. தாழ்தளப் பேருந்துகள் வந்தன. அவற்றில் சக்கர நாற்காலிக்கென்று இடம் விட்டிருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற இடம். காலியாக இருக்கும்போது தள்ளுவண்டிக்காரர்கள் அதில் நின்றார்கள். மடக்க வேண்டிய அவசியம் போனதும் வண்டிகள் மறுபடி பெருத்தன.

2012 பிப்ரவரியில் டக் பாலி என்ற சக்கர நாற்காலிப் பயணி வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குப் போக ஃபர்ஸ்ட் குழுமத்தின் பேருந்தில் ஏறப் போனார். அந்த இடத்தில் ஒரு பெண் தூங்கும் குழந்தையோடு வண்டியை நிறுத்தியிருந்தார். ஓட்டுநர் நகரச் சொன்னார். வண்டி மடங்காது என்றார் அந்தப் பெண். பாலி அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தார், ரயிலைத் தவறவிட்டார், வழக்குப் போட்டார். லீட்ஸ் நீதிமன்றம் 5,500 பவுண்டு இழப்பீடு வழங்கியது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2017 ஜனவரி 18ஆம் நாள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் பாலியின் பக்கம் ஓரளவு வந்தது. ஓட்டுநர் வெறுமனே கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது; நியாயமில்லாமல் மறுத்தால் வற்புறுத்த வேண்டும், தேவையானால் பேருந்தை நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் யாரையும் இறக்கிவிடும் கட்டாயம் இல்லை. தூங்கும் குழந்தையை எழுப்பி வண்டியை மடக்குவதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போகும் என்று பார்பியின் லாயத்தில் யார் நினைத்திருப்பார்கள்? மெக்லாரன் நிறுவனமோ உடல் ஊனமுற்ற பெரிய பிள்ளைகளுக்காக அதே குடை மடிப்பில் ‘மேஜர்’ என்றொரு வண்டியையும் செய்து வந்தது. இரு தரப்பின் தேவையும் அங்கே ஒரே சட்டத்தில் அடங்கியிருந்தது.

நியூயார்க் பேருந்துகளில் ஏறுமுன் குழந்தையை எடுத்துவிட்டு வண்டியை மடக்க வேண்டும் என்பது நீண்ட நாள் விதி. தாய்மார்கள் கூட்டங்களில் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022இல் அந்நகரப் போக்குவரத்து நிர்வாகம் சில வழித்தடங்களில் சோதனை தொடங்கியது. பேருந்தின் சில இருக்கைகளை ஒதுக்கி, சக்கர நாற்காலிக்குரிய இடத்தைத் தொடாமல், தள்ளுவண்டிக்கென்று தனி இடம் குறித்தார்கள். அங்கே வண்டியை விரித்தபடி நிறுத்தலாம். குழந்தைக்கு வார் மாட்டி, சக்கரத்துக்குப் பிரேக் போட்டிருக்க வேண்டும். இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் பழையபடி மடக்கத்தான் வேண்டும்.